ஐந்துக்கு எத்தனை

ஜன்னலோர நாற்காலியில் அவர், கட்டிலின் கால்மாட்டில் பையன், பீரோவில் சாய்ந்தபடி தரையில் அவள், நடுவே ஸ்டூல் மேல் ரேடியோ... இப்படித்தான் அவள் கடிதத்தைத் தொடங்க வேண்டும், யார் எங்கே இருந்தார்கள் என்று சொல்லாத கடிதம் நம்பர் இல்லாத வீடு என்பாள் எட்டாம் வகுப்பு டீச்சர், அதுவுமில்லாமல் புது எஃப்.எம். நிலையமே அப்படித்தான் கேட்டிருந்தது, எங்கிருந்து கேட்கிறீர்கள், எவ்வளவு தெளிவு, ஐந்துக்கு எத்தனை மார்க், எழுதிப் போடுங்கள், குறையுள்ள தெருவுக்கு இன்னொரு ஒலிபரப்புக் கம்பம் நடுகிறோம் என்று. குறைக்கா பஞ்சம்? வீட்டிலேயே இந்த அறையில் மட்டும்தான் எடுக்கிறது என்பார் அவர், ஓரடி தள்ளி வைத்தால் பொரிகிற எண்ணெய்ச் சத்தம், பையனுடைய செல்லிலும் அதே இரைச்சல்தானாம், அதனால்தான் சாயங்காலம் ஆறிலிருந்து ஏழு வரை, பேச்சே இல்லாமல் பாட்டாக மட்டும் போடுகிற அந்த ஒரு மணி நேரம், மூன்று பேரும் இங்கே.

அப்பா பிடித்துக் கொடுத்த வேலையைப் பையன் உதறி, தானே வேறொன்றில் சேர்ந்து எட்டு மாதம், அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு அவள் வழியாகத்தான், தபால் ஆபீசே தோற்றுவிடும். "இசை யாருன்னு ஒரு வார்த்தை சொல்றானுங்களா, கேளு உன் பையன்கிட்ட." "பேசாம போடறதாலதான் கேக்கவே முடியுதுன்னு சொல்லும்மா அவர்கிட்ட." நேற்று அந்த வயலின்... மிதந்து மிதந்து வந்தது, அறையே கொஞ்சம் தரையை விட்டு எழும்பினாற்போல, சட்டென்று இரைச்சலில் மூழ்கியது, அவர் அவளைப் பார்க்காமலே, "நகருடா, உன் தலை மறைக்குது" என்றார். "மறைக்கலப்பா, நான்தான் புடிச்சு வச்சிருக்கேன்." நேராக! அவள் மூச்சைக்கூட மெதுவாக விட்டாள், பையன் நகர்ந்தான், வயலின் போயே போய்விட்டது, "சரி, பழைய எடத்துலயே உக்காரு" என்றார்.

கம்பம் நட்டுவிட்டால்? அவர் ஹாலில் கேட்பார், பையன் மாடியில் கேட்பான், அவளுக்குச் சமையலறையில் தெளிவாகக் கேட்கும், எல்லாம் தெளிவாக... ஐந்துக்கு இரண்டு என்பதுதான் சத்தியம், கடிதத்தில் இதுவரை தேதியைக்கூட அவள் தப்பாகப் போட்டதில்லை, பேனா காகிதத்துக்கு மேலே நின்றது, நின்றது, பிறகு ஐந்துக்கு ஐந்து, எங்கள் தெருவுக்குக் கம்பம் வேண்டாம், நன்றி. கவரின் வாயை நாவால் நனைத்து ஒட்டி, இரண்டு முறை தேய்த்து, எடுத்துக்கொண்டு நடந்தாள், ஆறடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது.

தெருக்கோடித் தபால்பெட்டியில் கவர் பாதி நுழைந்திருந்தபோது பையன் வேலையிலிருந்து வந்துகொண்டிருந்தான், காதில் இயர்போன், உதடு எதையோ முணுமுணுத்தது, அவளைக் கண்டதும் ஒன்றைப் பிடுங்கினான், தொங்கிய அந்த மொட்டிலிருந்து, எறும்பு அளவில், இந்த நிலையத்தின் பெயரைப் பாடுகிற அதே மெட்டு, பின்னாலேயே ஒரு புல்லாங்குழல், ஒரு பொட்டு இரைச்சல் இல்லை. "என்னம்மா இங்க?" "சும்மாடா." "வா, ஆறாகப் போகுது, அப்பா ரேடியோவ வச்சிருப்பாரு." இவன் செல்லில் எடுக்கிறது... எப்போதிலிருந்து எடுக்கிறது, அப்படியென்றால் அந்தக் கால்மாட்டில் எதற்காக... அவர் மட்டும் அந்த ரேடியோவை என்றைக்காவது ஹாலில் வைத்துப் பார்த்தாரா, இல்லை பார்த்ததாகச் சொன்னதோடு சரியா... விரல் தானாக விட்டது, கவர் உள்ளே விழுந்தது.