கப்பெம்புவாவின் பெட்டி இறங்காத ஆறு ஆண்டுகள்

முன்னாள் ஜனாதிபதி கப்பெம்புவாவின் சவப்பெட்டி, அடக்கம் நடந்த நாளன்று, குழிக்கு மேலே இரண்டரை முழ உயரத்தில் நின்றுவிட்டது. கயிற்றை உருவிய பிறகும் நின்றது. அன்று இருபத்தைந்து கிலோ சோள மாவு மூட்டை எங்கள் பணத்தில் நாற்பத்தைந்து குவாச்சா. அடுத்த வாரம் மூட்டை ஐம்பது ஆனது, பெட்டியும் ஒரு சாண் ஏறியது. விலைவாசி தன் மட்டத்தைத் தானே தேடிக்கொள்ளும் என்று பத்து வருடம் வானொலியில் சொல்லிச் சொல்லி எங்கள் காதைப் புண்ணாக்கியவர், செத்த பிறகு தானும் அதையே செய்கிறார் என்று சிசோக்கோ ஊரில் பேசிக்கொண்டார்கள். மாவு வாங்கக் கிளம்புகிறவர்கள் முதலில் இடுகாட்டுப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் பழக்கம் அப்போது வந்ததுதான்.

சும்மா இருக்குமா அரசாங்கம்? பெட்டியை இறக்கித் தர டெண்டர் விட்டார்கள். வெளிநாட்டிலிருந்து மூன்று நிபுணர்கள் வந்து, நல்ல ஹோட்டலில் நான்கு மாதம் தங்கி, பெட்டியை இறக்குவதைவிடத் தரையை உயர்த்துவது சிக்கனம் என்று அறிக்கை கொடுத்தார்கள். நூறு லாரி மண் கொட்டினார்கள். மண் உயர்ந்த அளவுக்குப் பெட்டியும் உயர்ந்தது. பழைய குழி மண்ணுக்குள் போய்விட்டதால் மேட்டின் உச்சியில் புதிதாக ஒன்று தோண்டினார்கள். நிபுணர்கள் திட்டம் வெற்றி என்று எழுதிவிட்டு விமானம் ஏறினார்கள்.

எங்கள் வழக்கப்படி, பிணம் மண்ணுக்குள் போகும்வரை சாவு வீட்டுக்கு வந்த சொந்தங்கள் வீடு திரும்பக் கூடாது. பெண்கள் உள்ளே பாயில், ஆண்கள் முற்றத்தில் விறகுத் தீயைச் சுற்றி. சாதாரணமாக மூன்று நாள் கூத்து. இது ஆறு வருடம் நீண்டது. பல்வலி, கோர்ட்டு வழக்கு என்று ஆளுக்கொரு சாக்குச் சொல்லி சொந்தங்கள் நழுவினார்கள். பாயை விட்டு எழாமல் இருந்தவள் அவருடைய தங்கை கசூபா மட்டும். அண்ணன் எல்லையைத் திறந்துவிட்டபோது, வெள்ளைக்காரர்கள் கழித்துப்போட்ட துணிகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின, சலாவுலா என்போம். அதைச் சந்தையில் குவித்து விற்றே நான்கு பிள்ளைகளைப் படிக்கவைத்தவள் அவள். இப்போது அவள் இடத்தில் வேறு ஒருத்தி குவித்து விற்றாள். அடுத்த ஊரில் பேத்தி பிறந்து, தவழ்ந்து, நடந்து, பேசவும் ஆரம்பித்துவிட்டாள். கசூபா முகம் பார்க்கவில்லை.

துக்கத்துக்கு ஆள் குறைந்தாலும் முற்றத்துத் தீயைச் சுற்றி வாதத்துக்கு ஆள் குறையவில்லை. ஓசிக் களியும் கருவாடும் கிடைத்தன. "ஒரு சோப்புக்கட்டிக்கு நாலு மணி நேரம் வரிசையில நின்னத மறந்துட்டியா? அந்த மனுசன் வந்தப்புறந்தான்யா கடையில அலமாரி நெறஞ்சது" என்பார் ஒருவர். "நெறஞ்சுது, யாரு இல்லேன்னா? என் வேலையப் புடுங்கிட்டு நெறச்சாரு. தெனமும் போய் அலமாரியப் பாத்துட்டு வரேன்" என்பார் மற்றவர். ஆதரவாளர்கள் அவர் சொர்க்கத்துக்கு ஏறுகிறார் என்றார்கள். எதிராளிகள் மண்ணுக்கே அவரைப் பிடிக்கவில்லை என்றார்கள். ஆறு வருடமும் இதே பேச்சு, வெட்கமில்லாமல்.

உண்மையில் நடந்த பிசகு வேறு. பெம்பா இனத்து ஆட்கள் செத்தால் ங்கோனி இனத்து ஆட்கள் வந்து கேலி செய்ய வேண்டும், ங்கோனி செத்தால் பெம்பா. எப்போதோ வெட்டிக்கொண்ட இரண்டு கூட்டம் இன்று கேலி முறைக்காரர்கள், மச்சான் மதினி என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். செத்தவரின் கஞ்சத்தனம், குறட்டை, கள்ள உறவு எல்லாவற்றையும் பிணத்தின் முன்னாலேயே ஆடிக்காட்டி, அழுகிறவர்களைச் சிரிக்கவைத்த பிறகுதான் குழி மூடும். கப்பெம்புவா பெம்பா. ஆனால் இது அரசு மரியாதை, கேலியெல்லாம் கூடாது என்று ஏதோ ஒரு அதிகாரி ங்கோனிகளை வாசலிலேயே மறித்துவிட்டார். மேடையில் பதினேழு பேர் புகழ்ந்து தள்ளினார்கள். கேலி கேட்காத பிணம் எப்படி இறங்கும்?

இது கசூபாவுக்கு முதல் மாதமே தெரிந்தது. ஊரில் அந்த வேலை தெரிந்த ங்கோனி ஆள் லக்சன் ஜெரே ஒருவர்தான். துணி மில்லில் நெசவாளியாக இருந்தவர். சலாவுலா வந்து மில் மூடியதும் சைக்கிளில் கரி விற்றார். சாவு வீட்டுக்கும் அவர்தான் கரி போடுவார்.

"ஊர்ல எல்லாச் சாவுக்கும் போய் ஆடுற. என் அண்ணன் மட்டும் என்ன பாவம் பண்ணான் மச்சான்?" என்று கேட்பாள் கசூபா.

"அதச் சொல்ல உக்காந்தா இன்னிக்குக் கரி விக்க முடியாது மதினி. கேலி பண்ண மனசுல கொஞ்சமாச்சும் பாசம் வேணும். எங்கிட்ட இல்ல. மூட்டைய எங்க எறக்க?"

ஆறாவது வருடம் ஒருநாள் அவள் அண்ணனைப் பற்றிப் பேசவில்லை. "நான் வீட்டுக்குப் போகணும் மச்சான். பேத்தியப் பாக்கணும்" என்று மட்டும் சொல்லி அழுதாள். ஜெரே கரிக்கையைத் துடைத்துக்கொண்டு, நாளைக்கு வருகிறேன் என்றார்.

மறுநாள் ஊரே இடுகாட்டில் திரண்டது. கசூபாவும் பாயைக் கொண்டுவந்து மேட்டில் விரித்து உட்கார்ந்தாள். மூட்டை நூற்றுப்பத்து, பெட்டி ஆள் உயரத்துக்கு மேலே. ஜெரே ஒரு கிழிந்த கோட்டை மாட்டிக்கொண்டு, வயிற்றைத் தள்ளி, கப்பெம்புவா மாதிரியே தொண்டையைச் செருமினார். "ஒரு பொணம், ஒரு குழி. இதென்ன ஏகபோகம்? இன்னும் நாலு குழி தோண்டுங்க. போட்டி இருந்தாத்தான் குழியோட தரம் உயரும்!" கூட்டம் குலுங்கியது. பெட்டி இரண்டு முழம் இறங்கியது. "எல்லாத்தையும் சந்தை பாத்துக்கும்னியே மச்சான், உன்னப் பாத்துக்க ஒரு பயலையும் காணோமே?" கசூபாவே கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பெட்டி இடுப்பளவுக்கு வந்துவிட்டது. இன்னும் இரண்டு வாக்கியம் போதும்.

ஜெரே கோட்டைக் கழற்றினார். "என் மக தபித்தாவுக்குக் காய்ச்சல்" என்றார், தன் சொந்தக் குரலில். "ஆஸ்பத்திரிக்குக் கட்டணம் வச்சது நீ. பணம் கட்டிச் சீட்டு வாங்கிட்டு வான்னு திருப்பி அனுப்பிட்டாங்க. மில்லு மூடி மூணு மாசம். அங்க இங்க கெஞ்சி, சீட்டோட வந்தப்ப அவ இல்ல. ஆறு வயசு. இதுக்கு என்ன சொல்ற?"

யாரும் சிரிக்கவில்லை. பெட்டி இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. பெரியவர்கள் பதறிப்போய், இன்னொரு கேலி சொல்லப்பா, முடிந்துவிடும் என்றார்கள். ஜெரே கசூபாவைப் பார்த்தார். அவள் கேட்டிருந்தால் அவளுக்காக இன்னொன்றும் சொல்லியிருப்பார்.

கசூபா எழுந்து பாயைச் சுருட்டினாள். "வேணாம் மச்சான். பதில் சொல்லிட்டு எறங்கட்டும்" என்றாள்.

"பொதைக்காம வீட்டுக்குப் போறது மொறையா கசூபா?" என்றார் ஒரு பெரியவர்.

"ஆறு வருசம் அவனுக்காக உக்காந்தேன். இனி அவன் எனக்காக வரட்டும்."

அவள் நடந்தாள். பெட்டி இடுப்பு உயரத்தில் அவள் பின்னால் போனது. பேத்தி வீட்டு வாசலிலும் அது காத்திருந்தது.

மாவு விலை அதற்குப் பிறகு எத்தனையோ முறை ஏறிவிட்டது, பெட்டி ஏறவில்லை. இப்போது அது சந்தையில் அவள் கடையில்தான் இருக்கிறது. அதன் மேல் சட்டைகளைப் பரப்பி விற்கிறாள். ஈரத் தரையில் குவிப்பதற்கு இது தேவலை. சனிக்கிழமைகளில் ஜெரே கரி விற்று முடித்ததும் ஒரு முக்காலியோடு வந்து பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து, "தபித்தாவுக்கு என்ன சொல்ற?" என்று ஒரே ஒரு முறை கேட்பார். அந்தக் கொஞ்ச நேரம் கசூபா யாருக்கும் விலை சொல்ல மாட்டாள். பழகிய வாடிக்கையாளர்கள் கையிலெடுத்த சட்டையோடு காத்திருப்பார்கள்.