ஐந்தாவது செட்

என் மாமியார் நகரப் பேருந்து ஓட்டுகிறார். இருபத்திரண்டு வருடத்தில் ஒரே ஒரு முறைதான் சிவப்பு விளக்கைத் தாண்டியிருக்கிறார். அன்று மூன்று மணிக்கு எங்கள் ஊர்ப் பெண்கள் அணியின் வாலிபால் ஆட்டம் இருந்ததாம். என்னை முதன்முதலில் சந்தித்த அன்றே இதைப் பெருமையாகச் சொல்லிவிட்டு, "உனக்கு நம்ம டீம் பிடிக்குமாம்மா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள், பிறகு எனக்குக் கணவனாகப் போகிறவன் முந்திக்கொண்டான். "என்னம்மா இப்படிக் கேட்டுட்ட? ஸ்கூல் படிக்கும்போதிருந்தே வர்றா. அவங்கப்பா கூட்டிட்டு வருவாராம்."

என் அப்பா எந்த விளையாட்டையும் ஐந்து நிமிடத்துக்கு மேல் பார்த்தவரில்லை. நான் என் முதல் ஆட்டத்தைப் பார்த்து அப்போது ஆறு வாரம் ஆகியிருந்தது. ஆனாலும் தலையாட்டினேன். அந்த ஒரு தலையாட்டலோடு ஒரு வருடம் குடித்தனம் நடத்தியாகிவிட்டது.

பொய் பெரிதில்லை என்றுதான் நினைத்தேன், அத்தையின் கூட்டத்தாரைப் பார்க்கும்வரை. பதினெட்டுப் பேர். உள்ளரங்கில் மேற்குச் சுவரோரம், தண்ணீர்க் குழாய்க்குக் கீழே, ஒரு நீளப் பெஞ்சு அவர்களுடையது. அணி தோற்றுக்கொண்டேயிருந்த பதினோரு வருடமும் அங்கே உட்கார்ந்திருந்தவர்கள். இரண்டு வருடமாக அணி ஜெயிக்கத் தொடங்கியதும் அரங்கம் நிரம்பி வழிந்தது. புதிதாக வந்தவர்களுக்கு அவர்கள் வைத்த பெயர் வௌவால். பழம் பழுத்த பிறகுதானே வந்தார்கள்.

"அதோ பாரு, நாலு வௌவால், புது சட்டை, விலை அட்டைகூடப் பிய்க்கல," என்பார் அத்தை. நானும் சிரிப்பேன். என் சட்டையின் விலை அட்டையைப் பிய்த்துவிட்டேனா என்று உள்ளுக்குள் யோசித்துக்கொண்டே.

இந்த வருடம் அணி முதல்முறையாக இறுதியாட்டத்துக்கு வந்தது. அதுவும் எங்கள் அரங்கிலேயே. பெஞ்சில் ஓர் இடம் காலி. பெயின்டர் ஒருவர் மகனோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். அந்த இடம் மருமகளுக்கு என்று அத்தை எல்லாரிடமும் சொல்லி வைத்துவிட்டார்.

"சனிக்கிழமை சாயங்காலம் நம்ம பெஞ்சுக்காரரோட சலூனுக்கு வா. எல்லாரும் இருப்பாங்க. பரீட்சையெல்லாம் இல்ல, சும்மா பழைய கதை பேசுவோம். பேசினாலே தெரிஞ்சுடும்."

பேசினாலே தெரிஞ்சுடும். அந்த வாரம் முழுக்க இந்த இரண்டு சொற்களும் என்னோடு கடைக்கும் வீட்டுக்கும் நடந்தன.

எனக்கு ஒற்றர்கள் வரும் நாவல்கள் பிடிக்கும். யாரோ ஒருவன் பனி விழும் ஊரில் பொய்ப் பெயரோடு ரயிலேறி, எதிரே இருப்பவர் சொந்த ஊரைப் பற்றிக் கேட்டுவிடக் கூடாதே என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பான். படிக்கும்போது சுகமாக இருந்தது. நானே அந்த ரயிலில் உட்கார்ந்த பிறகு ஜன்னலில் ஒன்றும் தெரியவில்லை.

நூலகத்துக்குப் போனேன். பழைய செய்தித்தாள் தொகுப்புகளைப் புரட்டி, பதினோரு வருட ஆட்டங்களை ஒரு நோட்டில் எழுதினேன். எந்த அணியோடு, எத்தனை செட், எத்தனை நிமிடம். நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்க்கும்போது மனப்பாடம் செய்தேன். சக்கரம் சுற்றச் சுற்ற இருபத்தைந்து–பதினெட்டு, இருபத்தைந்து–இருபத்திரண்டு. புதன்கிழமை ஒருவருடைய வலக்கண் வில்லையை இடக்கண்ணுக்கான அளவில் தேய்த்துவிட்டேன். முதலாளி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இவரு இனிமே மூக்கைத்தான் பார்க்கணும்," என்றார்.

"உங்கம்மாகிட்ட உண்மையைச் சொல்லிடட்டுமா?" என்று கணவனைக் கேட்டேன்.

"ஃபைனலுக்கு முன்னாடியா? உனக்கென்ன பைத்தியமா?"

"பொய் சொன்னது நீ."

"சொன்னதோட என் வேலை முடிஞ்சுது. தூக்கிட்டுத் திரியறது நீதானே," என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சனிக்கிழமை ஆறு மணிக்குச் சலூனின் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்கள். குனிந்து உள்ளே போனோம். சுழல் நாற்காலிகளிலும் காத்திருப்போர் பெஞ்சிலுமாக ஏழெட்டுப் பேர். இரண்டு பக்கமும் கண்ணாடி என்பதால், அந்த ஏழெட்டுப் பேரும் முடிவில்லாமல் வரிசையாக உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வாம்மா மருமகளே," என்றார் சலூன்காரர். "உங்கத்தை பஸ்ஸுல ஏறினியா, உயிரோட வந்தியா?"

"நடந்துதான் வந்தோம்," என்றார் அத்தை. "உன் கத்திரிக்கு என் பஸ் எவ்வளவோ தேவலை."

நன்றாகத்தான் போனது. கூரை ஒழுகி ஆட்டம் நின்ற நாளைப் பேசினார்கள். எதிரணியின் பேருந்தில் தவறி ஏறிய தபால்காரரைக் கேலி செய்தார்கள். நான் சரியான இடங்களில் சிரித்தேன், இரண்டு இடங்களில் "ஐயோ ஆமாம்" என்றேன்.

பிறகு தபால்காரர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"எதை வேணா மறக்கலாம். அந்தக் கொடியை மறக்க முடியுமா?"

அவர் மட்டும் பேசினார். ஒன்பது வருடத்துக்கு முந்தைய ஆட்டம். ஜெயித்தால் முதல் பிரிவு, தோற்றால் கீழ்ப் பிரிவு. ஐந்தாவது செட், பதினாலு–பதிமூணு, அவர்கள் முன்னால். நம் பெண் அடித்த பந்து கோட்டின் மேலேயே விழுந்தது. லைன்ஸ்மேன் கொடியைத் தூக்கி, வெளியே என்றான். அவ்வளவுதான், முடிந்தது.

"பந்து கோட்டுலதான் பட்டுச்சு, நான் பார்த்தேன்," என்றார் சலூன்காரர்.

"அன்னிக்கு நீ எந்தப் பக்கம் உக்காந்திருந்தம்மா?" என்று எதிர் நாற்காலியில் இருந்த நர்ஸக்கா கேட்டார்.

அந்த ஆட்டம் என் நோட்டில் இருந்தது. பக்கம்கூடக் கண்முன் வந்தது. அதில் ஐந்தாவது செட்டே இல்லை. எனக்குச் சட்டென்று புரிந்தது, அல்லது புரிந்ததாக நினைத்தேன். இது பொறி. நடக்காத ஒன்றைச் சொல்லி வௌவாலைப் பிடிக்கிறார்கள். ஆமாம் என்று தலையாட்டுகிறவள் மாட்டிக்கொள்வாள். நான் இனித் தலையாட்ட மாட்டேன்.

"நல்லா ஏமாத்தறீங்க," என்று சிரித்தேன். "அன்னிக்கு மூணே செட்டுல தோத்துட்டோமே? இருபத்தஞ்சு–பன்னெண்டு, இருபத்தஞ்சு–பதினாறு, இருபத்தஞ்சு–ஒம்போது. மொத்தம் அம்பத்தெட்டு நிமிஷம்."

யாரும் சிரிக்கவில்லை. கண்ணாடிக்குள் இருந்தவர்களும் சிரிக்கவில்லை.

"ஒம்போதா?" என்றார் நர்ஸக்கா.

"பேப்பர்ல தப்பாப் போட்டிருப்பான்," என்றார் சலூன்காரர். ஆனால் குரல் இறங்கிவிட்டது. அவர் மனதுக்குள் ஒவ்வொரு செட்டாகத் தேடுகிறார் என்று முகத்தில் தெரிந்தது. நான்காவது செட்டில் என்ன நடந்தது? யாருக்கும் நினைவில்லை.

தபால்காரர் என்னையே பார்த்தார். "நிமிஷக் கணக்கெல்லாம் அங்க இருந்தவனுக்கு ஞாபகம் இருக்காதும்மா. நீ அன்னிக்கு வரல."

அது பொறியே இல்லை. அவர்கள் உண்மையாகவே நம்பியிருந்தார்கள். பதினெட்டுப் பேரும் சேர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக, தாங்கக்கூடிய ஒரு தோல்வியைக் கட்டி எழுப்பியிருந்தார்கள். நான் அதை ஐம்பத்தெட்டு நிமிடம் என்று சொல்லி இடித்துவிட்டேன்.

"வரல," என்றேன். "அன்னிக்கு மட்டுமில்ல. என் முதல் ஆட்டமே போன வருஷம்தான். பதினாலு மாசம் ஆகுது. எங்கப்பா எங்கயும் கூட்டிட்டு வரல."

அத்தையைப் பார்க்கப் பயந்து கண்ணாடியைப் பார்த்தேன். அங்கேயும் அத்தைதான் இருந்தார். பையை எடுத்துக்கொண்டு எழுந்து ஷட்டருக்குக் கீழே குனிந்து வெளியே போனார்.

வீட்டுக்கு இருபது நிமிட நடை. நான் ஓரடி பின்னால் வந்தேன். இரண்டு பேருந்துகள் கடந்து போயின, இரண்டு ஓட்டுநர்களும் ஹார்ன் அடித்தார்கள். அவர் கையைத் தூக்கவில்லை.

மூன்றாவது நிறுத்தத்தில் நின்றார். "இந்தப் பதினாலு மாசத்துல எத்தனை தோத்தோம்?"

"மூணு, அத்தை."

"மூணுக்கும் வந்தியா?"

பொய் நாக்கின் நுனிவரை வந்தது. "வந்தேன். ஒண்ணுல மட்டும் கடைசி செட்டுக்கு முன்னாடியே வெளிய போயிட்டேன். பார்க்க முடியல. சைக்கிள் ஸ்டாண்டுல நின்னு சத்தத்தை மட்டும் கேட்டுட்டு இருந்தேன்."

மறுபடி நடந்தார்.

வீட்டில் நோட்டைக் கேட்டார். கொடுத்தேன். சமையலறை மேசையில் விரித்து, பேருந்து நேர அட்டவணையைப் படிப்பதுபோல் விரலை வைத்துப் படித்தார். அந்தப் பக்கத்தில் விரல் நின்றது.

"மூணு மணிக்கு ஆரம்பிச்சா நாலுக்கு முடிஞ்சிருக்கும், இல்ல?"

"ஆமாம், அத்தை."

"என் தங்கச்சிக்கு அஞ்சரைக்கு ரயில். வேலை கிடைச்சு நிரந்தரமாப் போறா. கண்டிப்பா வர்றேன்னு சொன்னேன். நான் ஸ்டேஷனுக்குப் போறப்ப மணி ஆறு. அஞ்சாவது செட்டுடி, எப்படி எழுந்து வருவேன்னு ஒம்போது வருஷமா அவகிட்ட சொல்லிட்டு இருக்கேன். ரெண்டு வார்த்தைக்கு மேல என்கிட்ட பேச மாட்டா." விரலை எடுக்கவில்லை. "ஒம்போது பாயின்ட். நாங்க சும்மா உக்காந்திருந்திருக்கோம். ஆட்டக்காரங்க போயாச்சு, விளக்கை அணைச்சாச்சு. ஒருத்தராலயும் எழுந்திருக்க முடியல."

"மன்னிச்சிடுங்க, அத்தை."

"நீ எதுக்கு?" என்றவர் போனை எடுத்தார். எண்ணைத் தேட வேண்டியிருக்கவில்லை.

நான் வெளியே போய்விடலாமா என்று எழுந்தேன். உட்காரும்படி கையைக் காட்டினார்.

"நான்தான்... இல்ல, உடம்புக்கு ஒண்ணுமில்ல. கேளு. அன்னிக்கு அஞ்சாவது செட் இல்லடி... எந்த அன்னிக்குன்னு உனக்குத் தெரியும்... ஆமா. நாலு மணிக்கே முடிஞ்சிடுச்சு. வந்திருக்கலாம். வரல."

அதன் பிறகு மறுமுனையில் ஒரு குரல் ஓடிக்கொண்டேயிருந்தது. திட்டா அழுகையா என்று எனக்குக் கேட்கவில்லை. ஒன்பது வருடத்துக்கானது என்பதால் நீளமாக இருந்தது. நான் மேசை விளிம்பை நகத்தால் சுரண்டினேன். என் இடம் போனால் போகட்டும், இந்தப் பேச்சு மட்டும் அறுந்துவிடக் கூடாது என்று நினைத்தேன்.

ஒரு கட்டத்தில் அத்தை மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனை என்னிடம் நீட்டினார். "சின்னத்தை. உன்கிட்ட பேசணுமாம்."

"நீதான் கண்டுபிடிச்சியா?" குரல் அத்தையின் குரல் மாதிரியே இருந்தது, இன்னும் கொஞ்சம் கறாராக. "நாளைக்கு ஃபைனலாமே. ஜெயிப்பீங்களா?"

"தெரியல, சின்னத்தை. ரெண்டு நாளா சாப்பாடு இறங்கல."

"எங்க உக்காரப் போற?"

நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை நோட்டை மூடியபடி, யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார். "யார் என்ன சொன்னாலும் நான் ஒடுங்கி உக்காந்துக்கறேன். வௌவாலுங்க வர்றதுக்குள்ள போகணும். ஒரு மணிக்குக் கிளம்பணும்."

"அத்தை பக்கத்துல," என்றேன்.

"அப்ப ஒரு வேலை சொல்றேன், செய். கடைசிப் பந்து விழுந்ததும் எங்கக்கா கையைப் பிடி. ஜெயிச்சாலும் சரி, தோத்தாலும் சரி, இழுத்து எழுப்பி வீட்டுக்குக் கூட்டிட்டு வா. ஏழு மணிக்கு நான் கூப்பிடுவேன். அவதான் எடுக்கணும். செய்வியா?"

"செய்யறேன்," என்றேன்.

அந்தப் பெஞ்சை நினைத்துப் பார்த்தேன். மேலே குழாய், விளக்குகள் ஒவ்வொன்றாக அணைகின்றன, பலகையில் நமக்கு ஒன்பது. பக்கத்தில் அத்தையின் கை. அதைப் பிடிக்கிறேன். என்னாலும் எழுந்திருக்கத்தான் முடியவில்லை.