கறுப்பு வளையம்

அவசரக்காரருக்குப் புத்தி மட்டு என்பது றொசானாவுக்குத் தெரியாததல்ல. ஆனால் தலைக்கு மேலே கடற்காகம் கொத்த வரும்போது நிதானம் யாருக்கு வரும்?

பிரெஞ்சு வழங்கும் பியர்பொன்ட்ஸ் நகரில் ஒரு கடைத்தொகுதியின் தட்டைக் கூரை அது. கடற்காகங்கள் பெருகாதிருக்க அவற்றின் முட்டைகளுக்குச் சோள எண்ணெய் தெளிப்பது அவள் வேலை. காற்றுப் புகாமல் கரு உள்ளேயே செத்துவிடும். தாய் ஒன்றுமறியாமல் அடைகாக்கும். அனுமதிப் பத்திரத்தில் ஒரே ஒரு இனம்தான்: அலகில் கறுப்பு வளையமும் மஞ்சள் காலும் உள்ள சின்னக் கடற்காகம். அதன் பெரிய உறவான ஹெரிங் கடற்காகத்தைத் தொடக்கூடாது. அதற்குக் கால் இளஞ்சிவப்பு, அலகில் சிவப்புப் பொட்டு. மற்றபடி அக்கா தங்கை மாதிரி ஒரே சாம்பல் முதுகு, ஒரே வெள்ளைத் தலை.

பறவை கூட்டில் இருந்தபோது அலகில் வளையம் தெரிந்தது. கால் வயிற்றுக்கடியில் இருந்தது. வளையம் போதுமென்று நினைத்துவிட்டாள். முதல் முட்டைக்கு அடித்த கையோடு பறவை எதிரே சுவரில் வந்து இறங்கியது. கால்கள் இளஞ்சிவப்பு. வயது முதிராத ஹெரிங்குக்கும் அலகில் அந்தக் கறுப்பு கொஞ்சக் காலம் இருக்கும் என்று பயிற்சியில் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அவளுடைய வேர்க் பேர்மிட் இந்தக் கம்பனிக்கு மட்டுமானது. வேலை போனால் அதுவும் போகும். மன்னாரில் விசாவுக்குக் காத்திருக்கும் கணவனும் மகளும் அங்கேயே இருக்க வேண்டியதுதான்.

படிக்கதவுக்கு ஓடிப்போய், கீழே நிறுத்தியிருந்த வான் வண்டிக்குள் சாப்பிட்டுக்கொண்டிருந்த மேற்பார்வையாளர் விமலநாதனுக்குப் போன் போட்டாள்.

“அண்ணை, பிழை விட்டிட்டன். இது மற்றது.”

அவர் பதறவில்லை. அவருடைய பேர்மிட்டா போகப்போகிறது?

“எத்தினை முட்டை?”

“மூண்டு. ஒண்டுக்கு அடிச்சிட்டன்.”

“மற்ற ரெண்டுக்கும் அடியும் பிள்ளை. குஞ்சு வந்தாத்தான் இன்ஸ்பெக்டர் கேப்பான். மூண்டும் பொரிக்காட்டி, அது தானே எழும்பிப் போயிடும்.”

சரியான யோசனைதான். அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

பறவை கூட்டுக்குத் திரும்பியிருந்தது. மூன்று முட்டைகளையும் அலகால் மெல்லப் புரட்டி, நெஞ்சுக்கடியில் தள்ளிக்கொண்டு அமர்ந்தது. எது செத்தது என்று அதற்குத் தெரியவில்லை. றொசானாவுக்குத் தெரியும்.

தெளிப்பானைக் கீழே வைத்தாள். பத்திரத்தின் அடியில் வனவிலங்குத் துறை இன்ஸ்பெக்டரின் இலக்கம் இருந்தது. இரண்டு முறை பிழையாக அழுத்தினாள். மறுமுனையில் ஒரு பெண் குரல், முழுவதையும் கேட்டுவிட்டு, தெளித்தது யார் என்று பிரெஞ்சில் கேட்டது.

மகளின் முகம் வந்து போனது.

“செ முவா,” என்றாள் றொசானா. நான்தான்.