தடி வைக்காத தோள்

அதிகாலைச் சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு அகதி முகாம் ஆட்கள் உப்பளத்தில் இறங்கிவிட்டார்கள். ஆண்கள் பலகையால் வார, உப்பு கரகரத்துக் கூடிவந்தது. பெண்கள் காவுதடியின் இரு முனையிலும் கூடையைத் தொங்கவிட்டு, தடியைத் தோளில் ஏற்றிக் குவியலுக்குச் சுமந்தார்கள். வெடித்த குதிகாலில் உப்புநீர் ஊசியாய் ஏறியது. கடல்நீர்க் களப்புக்கு மேல் மேகம் கறுத்து வந்தது.

அஸ்மின் வரம்பில் நின்ற செய்னுலாப்தீன் முதலாளியைப் பார்த்தான். மனைவி ஃபஹ்மியா இறந்து ஐம்பத்திரண்டு நாள். அந்தக் கழுத்தைப் பாத்திக்குள் அமிழ்த்திப் பிடிப்பதாக நினைக்காமல் ஒரு நாளும் அவனுக்கு விடியவில்லை.

உயர்தர வகுப்பில் உயிரியல் படித்தவன் அவன். கருக்குழாயை வரைந்து புள்ளி வாங்கியவன். அந்தப் படிப்பு ஃபஹ்மியாவுக்கு உதவவில்லை. மாதம் தள்ளியதை அவள் வெளியில் சொல்லவில்லை. மூன்று மாதம் முடியுமுன் சொல்வது வழக்கமில்லை. சொன்னால் முதலாளி மறுநாளே வேலையை நிறுத்திவிடுவார். ஆறாம் வாரம் கொஞ்சம் இரத்தம் பட்டது. அடிவயிற்றில் ஒரு பக்கம் நோவு. பிறகு தோள் நுனியில் வலி. உப்பளத்தில் தோள் நோகாதவர் யார்? அஸ்மின் தன் கையாலேயே தைலம் தேய்த்தான்.

மறுநாள் அவள் வரம்பில் விழுந்தாள். அந்தச் சேற்றில் டிரக்டரைத் தவிர வேறு வண்டி வராது. "உப்பு ஏத்தி முடியட்டும், போகலாம்" என்று சாரதி சரீபை இறக்கிவிட்டார் முதலாளி. ஏற்றி முடிந்தபோது அவளும் முடிந்திருந்தாள். கரு குழாயில் தங்கிக் குழாய் வெடித்தால், வயிற்றுக்குள் நிறையும் இரத்தம் தோளில் வலியாகத் தெரியும் என்று டொக்டர் பிறகுதான் சொன்னார்.

"சபூரா ராத்தா, தோளைக் கொஞ்சம் நீவி விடுங்கோ."

என்றபடி ஹஃபீலா கூடையை இறக்கினாள். முகம் வெளிறியிருந்தது.

"உனக்கு மட்டுந்தான் தோள் இருக்கோ? எனக்கு அது எப்பவோ கல்லாப் போச்சு." மூத்தவளான சபூரா சிரித்தபடி தைலப் போத்தலைத் திறந்தாள்.

அஸ்மின் பலகையை எறிந்துவிட்டு ஓடிவந்தான். "தடி வைக்கிற தோளா?"

"இல்ல அஸ்மின் நானா. மற்றது."

"கடைசியா மாதம் எப்ப வந்த?"

ஆம்பிளை கேட்கிற கேள்வியா? பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்தினார்கள். ஹஃபீலா தலையைக் குனிந்தாள்.

"வெட்கப்பட்டா ஃபஹ்மியா மாதிரிப் போயிருவீங்க. சொல்லுங்க."

"ஏழு கிழமையாச்சு. நேத்திலிருந்து கொஞ்சம் இரத்தம் படுது. தலை சுத்துது."

"என்ன அங்க கதை? மழை வருது!" முதலாளி கத்தினார்.

"டிரக்டரைத் தாங்க. இவவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்."

"தோள் நோவுக்கு ஆஸ்பத்திரியோ? நீ என்ன டொக்டரா? அகதியளுக்கு வேலை குடுத்தன் பாரு, அதுதான் நான் செஞ்ச பாவம். முதல்ல உப்பு!"

அஸ்மின் வரம்பில் கிடந்த மண்வெட்டியைத் தூக்கினான். சபூரா அவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"இவரைக் கொன்றா உனக்கு மட்டுந்தான் ஆறும் தம்பி. எங்களுக்கும் ஆற வேணும்."

தன் கூடையைத் தூக்கிப் பாத்திக்குள்ளேயே கவிழ்த்தாள். அடுத்தவள் கவிழ்த்தாள். பிறகு எல்லாரும். ஆண்கள் டிரக்டர் பெட்டியில் ஏறி உப்பு மூட்டைகளை உருட்டித் தள்ளினார்கள். ஹஃபீலாவை அங்கே கிடத்தினார்கள். கூட ஏறிய மஹ்மூதா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"சரீப், இறங்கடா!"

சரீப் திறப்பைத் திருகி எஞ்சினைக் கிளப்பினான். "அண்டைக்கு இறங்கினதுக்கே இன்னும் நித்திரை இல்ல முதலாளி."

"ஏழு கிழமை, இரத்தம், தோள் நோவு. எல்லாத்தையும் டொக்டரிட்ட சொல்லுங்க, மறைக்காதீங்க!" அஸ்மின் பின்னால் ஓடிக்கொண்டே கத்தினான்.

மழை இறங்கியது.

"குவியலுக்கு ஓலையப் போடுங்க! உப்புக் கரையுது!"

ஒருவரும் அசையவில்லை.

"நாளைக்கு ஒருத்தருக்கும் இங்க வேலை இல்ல!"

"ஓம், நாங்களும் வரமாட்டம்" என்றாள் சபூரா. "வண்டியொண்டு எந்நேரமும் இங்க நிக்கணும். பிள்ளை உண்டானவளை வேலையால நிப்பாட்டக் கூடாது. கிளினிக் நாளுக்குச் சம்பளம் வெட்டக் கூடாது. அது வரைக்கும் கரையட்டும்."

முதலாளி தனியாக ஓலையை இழுத்தார். காற்று அதைப் பறித்துப் பாத்தியில் எறிந்தது. இடுப்பில் கட்டிய வெள்ளைச் சாரத்தோடு அவர் சேற்றில் முழங்கால் பதிய விழுந்தார். அஸ்மின் கண் எடுக்காமல் பார்த்தான். நெஞ்சுக்குள் ஏதோ இனித்தது. அவன் வெட்கப்படவில்லை.

வெகுநேரம் கழித்துக் கைபேசி அடித்தது. மஹ்மூதா. "குழாய்தானாம். தியேட்டருக்குள்ள கொண்டுபோயிட்டாங்க. துவா கேளுங்க."

யாரும் எழுந்து போகவில்லை. சபூரா நகர்ந்து அவனுக்கு இடம் விட்டாள்.

"இரு தம்பி. வேற என்னென்ன ஆபத்து அடையாளம்? வெட்கம் பாராமச் சொல்லு. இந்தப் பிள்ளையள் கேக்கட்டும்."

உப்பு வெள்ளமாய் வாய்க்காலுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பெண்கள் நெருங்கி உட்கார்ந்தார்கள்.

"தண்ணிகூட வயித்தில நிக்காம ஓங்காளிச்சா…" என்று அஸ்மின் தொடங்கினான்.