நவ்ஷாத்தின் ட்ரெயினர்

மன்னார்த் தீவில் விமானம் ஓட்டத் தெரிந்தவன் தான் ஒருவன்தான் என்பதில் ஜெனோஜனுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. ரிமோட்டில் ஓடுகிற விமானம், அதையும் ஒரேயொரு முறைதான் ஓட்டியிருந்தான் என்பதெல்லாம் சில்லறை விவரங்கள். அவனுடைய சண்டை விமானம் கீரிக் கடற்கரையில் எழும்பி, வலப்பக்கம் திருப்பத் திருப்ப இடப்பக்கம் சாய்ந்து, கரையில் இழுத்து விட்டிருந்த வள்ளமொன்றில் மோதிச் சுக்குநூறானது.

"காத்து மச்சான். பேய்க் காத்து," என்றான் ஜெனோஜன்.

துண்டுகளைப் பொறுக்கப் போன அவன் நண்பன் நவ்ஷாத், இரு செட்டைகளின் மடல்களும் வலம் இடம் மாறி அசையும்படி பூட்டப்பட்டிருந்ததைப் பார்த்தான். பார்த்ததை ஜெனோஜனும் பார்த்தான்.

"ஓம். சரியான காத்துத்தான்," என்றான் நவ்ஷாத். அன்று ஒரு பனையோலைகூட அசையவில்லை.

நவ்ஷாத் தனக்கென்று தேடித்தேடி வாங்கியது ஒரு பழைய ட்ரெயினர், ஓட்டிப் பழகுவதற்கென்றே செய்த விமானம். முதுகின்மேல் அகலச் செட்டை, மூன்று சில்லு, கையை விட்டால் தானே நிமிர்ந்துகொள்ளும் சாதுவான பிறவி.

"இது விமானமில்லடா, நடைவண்டி," என்றான் ஜெனோஜன்.

நவ்ஷாத் கோபிக்கவில்லை. பறக்கவிடுமுன் செய்யவேண்டிய சோதனையை முற்றத்தில் வைத்துப் பழகினான். ரிமோட்டை அசைத்து ஒவ்வொன்றாக உரக்கக் கேட்பான். விமானத்துக்குப் பின்னால் நிற்பவன் மடலைப் பார்த்து ஓம் சொல்லவேண்டும்.

"வலம்?"

"இதென்ன மன்றாட்டு மாலையோ? 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' எண்டு சொல்லட்டோ?"

"ஓமெண்டு சொன்னாக் காணும்டா."

மாரி முடிந்து, மழைநீர் தேங்கும் தரவை வெளி காய்ந்ததும் பறக்கவிடுவதாக இருந்தான். மாரியோடு டெங்கு வந்தது. நவ்ஷாத்தை அடக்கம் செய்த மையவாடியின் வாசலில் நின்ற ஜெனோஜனுக்கு ஒரு பகிடியும் வரவில்லை. அதற்காக யாரும் அவனுக்கு நன்றி சொல்லவுமில்லை.

தரவை காய்ந்தபோது, இன்னும் ஒருமுறைகூடப் பறக்காத அந்த விமானத்தோடு நவ்ஷாத்தின் தங்கை நிஸ்லா வந்தாள்.

"வாப்பா இது பறக்கிறத ஒருக்காப் பாக்கணுமாம். நீங்கதான் நல்லா ஓட்டுவீங்களெண்டு நவ்ஷாத் நானா எப்பவும் சொல்லுவாரு." அவள் சிரிக்கவில்லை. "உடைஞ்சிட்டா எங்களிட்ட வேற ஒண்டுமில்ல."

ஓட்டத் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தான். நவ்ஷாத் தனக்காகச் சொன்ன பொய்யை அவனுடைய வீட்டுக்குள் போய் உடைக்க மனம் வரவில்லை.

தரவையில் பிளாஸ்டிக் கதிரையொன்றைப் போட்டு வாப்பா ஜமால்தீன் அமர்ந்திருந்தார். காற்று அளவாக இருந்தது. பழிபோட எதுவுமில்லை.

"விடுங்க மகன்," என்றார்.

வேக விசையைத் தள்ளினால் போதும். ஜெனோஜனின் விரல் அதிலிருந்து விலகியது.

"வலம்?" என்று கேட்டான்.

நிஸ்லாவுக்கு விளங்கவில்லை. ஜமால்தீன்தான் கதிரையை விட்டு எழுந்து வந்து, விமானத்தின் பின்னால் மெல்லக் குந்தினார். எத்தனை மாலை முற்றத்தில் பார்த்திருப்பார்.

"ஓம்."

"இடம்?"

இடப்பக்கம் சாய எப்படி அசையவேண்டுமோ அப்படியே, வலச் செட்டையின் சின்ன மடல் மெதுவாகத் தாழ்ந்தது. ஜமால்தீன் அதைத் தொடவில்லை. தொடுகிற தூரத்தில் கையை வைத்திருந்தார்.