தோணிக்குள் தெரிந்த தொப்பி

அன்று அந்த இடத்தில் இருந்தவர்கள் இவர்கள்தாம்: நான், முகைதீன்பாவா மரைக்கார், பள்ளிவாசலில் எங்கள் குடிக்காகப் பேசும் பொறுப்பில் இருப்பவன். என் இளைய மகள் நதீரா. மூத்த மகள் சுஹறாவின் பிள்ளைகள், ஏழு வயதுப் பளீலும் ஐந்து வயது உம்முவும். வாசலுக்கு வெளியே, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காவல்காரன் சீனித்தம்பி. வேலிக்கு அப்பால் தெருவில், சைக்கிளில், துணிக்கடைக் காலிதீன். வேறு எவரும் இல்லை. இதற்கு மேல் ஒருவரைச் சேர்த்துச் சொல்கிறவன் பொய் சொல்கிறான். அவன் யாராக இருந்தாலும் என் வாசலுக்கு வந்து சொல்லட்டும்.

சூறாவளி அடித்து இரண்டாம் வருடம், வெள்ளாமை வெட்டி முடிந்த கையோடு, கடற்கரை வெளியில் கார்னிவேல் போட்டார்கள். ராட்டினம், மரணக் கிணறு, காது கிழியும் ஒலிபெருக்கி. அதற்குள் நான் காலடி வைத்ததில்லை. அதன் தெற்குக் கோடியில் தென்னோலைக் கிடுகு வேலி அடைத்து, 'சிறுவர் சாகசப் பூங்கா' என்று பலகை எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். சூறாவளியில் சாய்ந்த தென்னங்குற்றிகளை வைத்துப் பாலம் கட்டியிருந்தார்கள். பழைய கரைவலைக் கயிற்றில் ஏறி விளையாட வலை, உழவு மெசின் டயரில் ஊஞ்சல், கால் நட்டு உயர்த்தி வைத்த உடைந்த தோணி ஒன்று. மூலையில் மண்ணைக் குவித்து மேடாக்கி, அதற்குள் றோட்டுக்குத் தார் ஊற்றும் பீப்பாய்கள் இரண்டின் அடித்தட்டைத் தட்டி எடுத்து ஒன்றோடொன்று சேர்த்துப் புதைத்து, குகை என்று பெயர் வைத்திருந்தார்கள்.

பளீல் அதைப் பள்ளிக்கூடத்தில் கேள்விப்பட்டு வந்தான். அன்றிலிருந்து வீட்டில் சோறு இறங்கவில்லை. சுஹறா பிள்ளை பெற்று நாற்பது நாளுக்குள் இருந்தாள். என் மனைவி அவள் பக்கத்தை விட்டு நகர முடியாது. பிள்ளைகள் இருவரும் சாச்சி சாச்சி என்று நதீராவின் முந்தானையில்தான் தொங்குவார்கள். அவள் இல்லாமல் என்னோடு மட்டும் வரச் சொன்னால் முகம் சுருங்கிவிடும்.

நதீராவுக்குக் கலியாணம் பேசி முடிந்திருந்தது. கல்முனைக்குடி ஆயிஷா உம்மாவின் மகன் அபூசாலி மாஸ்டர் மாப்பிள்ளை. பெருநாள் கழிந்து கலியாணக் காவின் எழுதுவதென்று பேச்சு. பேசி முடித்த பெண் தெருவில் திரிவதில்லை என்பதை எனக்கு எவரும் படித்துத் தர வேண்டாம். அதனால்தான் நேரம் பார்த்தேன். கார்னிவேல் பின்னேரத்தில்தான் களை கட்டும். நடுப்பகல் லுஹர் தொழுகை முடிந்து ஊர் சோறு தின்று படுத்திருக்கும் நேரத்தில் அங்கே ஈ காக்கை இராது. கடல் பக்க வாசலில் சீனித்தம்பியைக் கண்டு, "தம்பி, பொம்புளப் புள்ள வந்திரிக்கி. நாங்க வெளிய வரங்காட்டியும் ஒருத்தரையும் விடாம வெளிய இரி" என்றேன். அவன் எழுந்து வெளியே போய், கடலைப் பார்த்துக் குந்திக்கொண்டான்.

ஊர்க் கண் படாத நேரத்தை நான் தேடினேன். பிறகு அந்த நேரத்தையே குற்றமாக்கினார்கள். ஆளில்லாத நேரத்தில் ஏன் போனார்கள் என்று கேட்டார்கள்.

உள்ளே அப்படி ஒரு அமைதி. ராட்டினத்தின் வெறும் பெட்டிகள் காற்றில் கிரீச்சென்றன. மற்றப்படி கடல் இரைச்சல்தான். பளீல் தென்னங்குற்றிப் பாலத்தில் கையை விரித்துக்கொண்டு நடந்தான். நடுவில் நின்று, "மூத்தாப்பா, கீழ முதலை இரிக்கா?" என்று கேட்டான்.

"இரிக்கி. கதைக்கிற புள்ளையளத்தான் புடிக்கும்."

அவன் வாயை மூடிக்கொண்டு மற்றக் கரைக்குப் போனான். உம்மு கயிற்று வலையில் பாதி ஏறி, இறங்கத் தெரியாமல் தொங்கினாள். நதீரா அவள் காலைப் பிடித்து ஒவ்வொரு கண்ணியாக இறக்கினாள். அவளும் பிள்ளைதானே. இன்னும் கொஞ்ச நாளில் புருஷனும் அடுப்பும் வந்துவிடும். டயர் ஊஞ்சலில் உம்முவை மடியில் வைத்து அவள் ஆடியபோது நான் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டேன். தடுக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் உம்முவைக் காணவில்லை. மண்மேட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"உம்மு, வெளிய வாகா புள்ள!" என்று நதீரா குனிந்து கூப்பிட்டாள்.

"மாட்டன். இது என்ட ஊடு. மூத்தாப்பா வந்தா சோறு தருவன்."

"வெயில்ல பீப்பா கொதிக்கி. வந்திரு கிளி."

"மூத்தாப்பா வரட்டும்."

நதீரா முந்தானையைச் செருகினாள். "நான் பூந்து எடுத்திட்டு வாறன் வாப்பா."

"நீ பூறதா? பேசி முடிச்ச பொண்ணு மண்ணுல தவழுறதா? தள்ளி நில்லு."

நான்தான் போனேன். என் வெள்ளைச் சட்டையைக் கழற்றி நதீராவிடம் கொடுத்தேன். துருக்கித் தொப்பியைப் பளீலிடம் நீட்டி, "கவனம். நிலத்தில வெச்சிராத" என்றேன். என் தொப்பியைப் பற்றி ஊருக்கே தெரியும். கைகால் கழுவி ஒழு எடுத்து, தொப்பியை வைத்த பிறகுதான் வீட்டு வாசலைத் தாண்டுவேன். தலை மழிக்க ஒஸ்தா வீட்டுக்கு வருவார். அவரைத் தவிர, என் வெறுந்தலையைக் கண்ட ஆள் என் வீட்டுக்கு வெளியே ஊரில் இல்லை.

முதல் பீப்பாய்க்குள் முழங்கையை ஊன்றிப் போனேன். இரண்டாவதற்குள் நெஞ்சு வரை போனதும், இடுப்பு பெல்ட்டின் பித்தளைக் கொளுவி, பீப்பாய் இரண்டும் சேரும் விளிம்பில் மாட்டிக்கொண்டது. முன்னுக்கும் போகவில்லை, பின்னுக்கும் வரவில்லை. உம்மு என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்து, மறு வாயால் வெளியே ஓடினாள்.

"சாச்சி! மூத்தாப்பா பீப்பாக்குள்ள இறுகிட்டார்!"

"மெல்லக் கதை, ஹறாங்குட்டி!" என்றேன். பீப்பாய்க்குள் அது பள்ளிவாசல் பாங்கு போல முழங்கியது.

நதீரா மறுபக்கம் ஓடி வந்தாள். என் இரண்டு கையையும் பிடித்து, பீப்பாய் விளிம்பில் காலை முட்டுக்கொடுத்து இழுத்தாள். கொளுவி விட்டது. வெயிலில் உருகியிருந்த தாரில் நெற்றியிலிருந்து உச்சி வரை உராய்ந்துகொண்டு வெளியே வந்து விழுந்தேன். எழும்ப முழங்கால் விடவில்லை. அவள் தோளைப் பிடித்துத்தான் நிமிர்ந்தேன்.

அவள் என் தலையைப் பார்த்தாள். சிரித்தாள்.

"சிரிக்காத."

"சிரிக்கல்ல வாப்பா" என்றாள். பிறகு அதைவிடப் பலமாகச் சிரித்தாள்.

தெருப் பக்கம் ஒரு சைக்கிள் மணி கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. சட்டையைப் போட்டேன். பளீல் என் சொல்லைக் காப்பாற்றியிருந்தான்: தொப்பியை நிலத்தில் வைக்காமல் தன் தலையில் வைத்துக்கொண்டு, தோணிக்குள் குந்தி, "நான்தான் சம்மாட்டி, வலைய இழுங்கடா!" என்று கடலுக்குக் கட்டளை போட்டுக்கொண்டிருந்தான். தொப்பியை வாங்கித் தலையை மூடினேன்.

"இது ஒருத்தருக்கும் தெரியப்படாது. உம்மாக்கும்தான்" என்றேன். மூவரும் தலையாட்டினார்கள்.

அந்தக் கிழமையே மாப்பிள்ளை வீட்டிலிருந்து கச்சிமுகம்மது வந்தார். தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "கலியாணத்துக்குக் கொஞ்ச நாள் பொறுப்பமாம்."

எங்கள் ஊரில் இதற்கு ஒரே அர்த்தம்தான். பெண் வேண்டாம் என்று வாய் திறந்து சொல்லும் துணிவில்லாதவர்கள் சொல்லும் சொல் இது. ஏன் என்று கேட்டேன். தனக்குத் தெரியாது என்றார். தெரியும் என்பது அவர் காதுமடலில் தெரிந்தது. அவரை வழியனுப்ப நான் எழும்பவில்லை.

அடுத்த நாள் காலையில் சீனித்தம்பி படலையைத் தள்ளிக்கொண்டு வந்தான். பூங்காவில் இருக்கும் உடைந்த தோணி அவனுடையது. சூறாவளி அதை உடைத்த பிறகுதான் அதற்கே காவல்காரன் ஆனான். வந்த வேகத்தில் அவன் குந்தவும் இல்லை.

"மரைக்கார், எனக்கும் மூணு பொம்புளப் புள்ளையள் இரிக்கி. துணிக்கடைக் காலிதீன் என்னமோ கண்டதெண்டு உங்கட ஆக்கள் கடைத்தெருவில என்ன கதைக்காங்க தெரியுமா?"

"என்ன கதைக்காங்க?"

"நீங்க தோணிக்குள்ள தூங்கினீங்களாம். நான் அங்கால உங்கட மகளோட நிண்டு சிரிச்சனாம். நீங்க சொல்லித்தானே நான் வெளிய போய் இருந்த? ஒரு மொட்டத்தலையன் புள்ளட தோளப் புடிச்சிட்டு நிண்டதாம், அது நானாம்! பாருங்க மரைக்கார், என்ட தலையப் பாருங்க!"

பிடரி வரை வளர்ந்த மயிரை இரண்டு கையாலும் பிடித்துக் காட்டினான். நான் பார்த்தேன். பார்த்ததும், அந்த மொட்டத்தலையன் யார் என்று எனக்கு விளங்கிவிட்டது. தொப்பிக்குள் தலை எரிந்தது.

"நீ போ தம்பி. இது என்ட வேல" என்றேன்.

நதீரா குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றாள். எல்லாம் கேட்டிருந்தாள்.

"உனக்கு இது முன்னமே தெரியுமா?"

"ஓம் வாப்பா. பக்கத்து வளவு ஆக்கள் சொன்ன."

"ஏன் அது வாப்பாதான் எண்டு சொல்லல்ல?"

"நீங்கதானே ஒருத்தருக்கும் தெரியப்படாதெண்டு சொன்ன."

அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. என் மொட்டைத் தலையைக் காப்பாற்ற என் மகள் தன் பெயரை ஊர் வாயில் போட்டுவிட்டு நின்றிருக்கிறாள். குடையை எடுத்துக்கொண்டு நேரே கல்முனைக்குடிக்கு நடந்தேன்.

ஆயிஷா உம்மாவின் வீட்டில் காலிதீன் இருந்தான். அவளுடைய தம்பி, மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். என்னைக் கண்டதும் எழும்பினான். ஆயிஷா உம்மா உள்வாசல் திரைக்குப் பின்னால் போனாள். அபூசாலி ஒரு கதிரையை எடுத்து வைத்தார். நான் இருக்கவில்லை.

"காலிதீன், நீ கண்டதச் சொல்லு. கேட்டது வேணாம்."

"மரைக்கார், நான் கூட்டிச் சொல்லல்ல. சவளக்கடைப் பக்கம் வயல் பாத்திட்டு வந்த நான். வேலிக்கு மேலால தோணி தெரிஞ்சிச்சி. உங்கட தொப்பி தெரிஞ்சிச்சி. தொப்பி சரிஞ்சி கிடந்திச்சி, சரி, மரைக்கார் கண்ணயந்திட்டாரு எண்டு நெனச்சன்."

"மறுகா?"

அவன் திரையைப் பார்த்தான். "மறுகா... மண்மேட்டடியில புள்ள நிண்டா. பெனியனோட ஒருத்தன் புள்ளட தோளப் புடிச்சிட்டு நிண்டான். புள்ள சிரிச்சா. நான் மணிய அடிச்சும் அவன் திரும்பல்ல."

"சீனித்தம்பியா?"

"ஆளை நான் அறியன். காவல்காரனாத்தான் இரிக்குமெண்டு கடையில ஆரோ சொன்ன."

"உன்ட கடையில."

அவன் சாரத்தை இழுத்துச் செருகினான்.

"அவன்ட தலை எப்படி?"

"மொட்டை. நெத்தியிலரிந்து உச்சிக்குக் கறுப்பா ஒரு கோடு."

மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தேன், தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்தேன். தார் லேசில் போகாது. சம்பந்தி வீட்டு நடுவறையில், திரைக்குப் பின்னால் பெண்கள் நிற்க, நான் என் துருக்கித் தொப்பியைக் கழற்றினேன்.

"இந்தக் கோடா?"

திரைக்குப் பின்னால் ஒரு இளம் பெண்ணின் சிரிப்பு வெடித்து, யாரோ வாயைப் பொத்திய சத்தம் கேட்டது. காலிதீன் என் தலையைப் பார்த்தான், நிலத்தைப் பார்த்தான், மறுபடியும் தலையைப் பார்த்தான்.

"தோணிக்குள்ள இருந்தது என்ட பேரன். பீப்பாக்குள்ள இறுகிக் கிடந்தது நான். இழுத்து எடுத்தது என்ட மகள். வாப்பாவ மகள் தோள் கொடுத்துத் தூக்கப்படாதெண்டு எந்தக் கிதாபில இரிக்கி? சொல்லு!"

"யா அல்லாஹ்! மரைக்கார் மச்சான், தொப்பியப் போடுங்க!" என்று ஆயிஷா உம்மா உள்ளிருந்து கத்தினாள்.

"போடுறன். எல்லாரும் வடிவாப் பாத்து முடியட்டும்."

அபூசாலி முன்னுக்கு வந்தார். "மாமா, நான் நம்பல்ல."

"நம்பாத ஆள் பொறுப்பமெண்டு சொல்லி அனுப்பினதென்ன? நம்பாத ஆள் என்ட வாசலுக்கு வந்து கேட்டிருப்பார்."

அவர் தலையைக் குனிந்தார்.

"இனிப் பொறுக்கிறதா, வேணாமா எண்டு நீங்க சொல்லத் தேவல்ல. என்ட மகள் சொல்லுவா" என்று சொல்லிவிட்டுத் தொப்பியை வைத்தேன்.

வீட்டுக்கு வந்து அவளிடம் நடந்ததைச் சொன்னேன். முதலில் அவள் கேட்டது, "அவங்கட ஊட்டுல தொப்பியக் கழத்தினீங்களா வாப்பா?" என்பதுதான். ஓம் என்றேன். அவள் வெகுநேரம் அரிசியைப் புடைத்தாள். பிறகு சொன்னாள்: "காலிதீன் மாமா இஞ்ச வரட்டும். வாசல்ல நிண்டு, தான் கண்டது என்ட வாப்பாவத்தான் எண்டு சொல்லட்டும். சீனித்தம்பியண்ணனும் பக்கத்தில நிக்கணும். மறுகா பாப்பம்."

"மாப்பிள்ள?"

"அவரும் கூட வரட்டும். வாய் இரிக்கிதானே அவருக்கு."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, தெருவில் ஆட்கள் நடமாடும் நேரத்தில் வந்தார்கள். ஆளில்லாத நேரம் இனி எங்களுக்கு வேண்டாம் என்று நான்தான் நேரம் சொல்லி அனுப்பினேன். காலிதீன் வாசலில் நின்று சொன்னான். முதலில் முணுமுணுத்தான். "கேக்கல்ல மாமா" என்று நதீரா கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னாள். அவன் மறுபடியும், தெருவுக்குக் கேட்கச் சொன்னான். அபூசாலி சீனித்தம்பியின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். கதவைப் பார்த்து, "ஆள் அனுப்பினது பிழை. நான்தான் வந்திருக்கோணும்" என்றார். நதீரா உள்ளே போய்ச் சர்பத் கரைக்கச் சொன்னாள். அதுதான் அவளுடைய சம்மதம். பெருநாள் கழிந்து காவின் நடந்தது. சீனித்தம்பி குடும்பத்தோடு வந்து எங்கள் வீட்டுச் சோற்றைத் தின்றான்.

காலிதீனோடு நான் இன்றும் கதைப்பதில்லை. ஸலாம் சொன்னால் பதில் சொல்வேன், அது கடமை.

இப்போது சந்தையில் வேறு ஒரு கதை திரிகிறது. மரைக்கார் பின்னேரம் வரைக்கும் பீப்பாய்க்குள் கிடந்தாராம், கார்னிவேல் ஆட்கள் கூடி இரும்பு அறுக்கும் வாளால் பீப்பாயை அறுத்து எடுத்தார்களாம்.

பீப்பாய் அறுக்கப்படவில்லை. என் மகள் இழுத்தாள், நான் வந்தேன்.