நூறு சதவீதம் உள்ளூர்

தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கப்பல் வந்துவிட்டது. பிரைட்டனின் சரக்குப் பெட்டி மட்டும் வரவில்லை. பேட்டரி செல்களை வெளியே அனுப்பப் புதிதாக ஏதோ அனுமதி வேண்டும் என்று சீனாவிலேயே நிறுத்திவிட்டார்களாம். கிளியரிங் ஏஜெண்ட் இதைப் போனில் சொன்னபோது பிரைட்டன், ‘அந்நியரை நம்பாத பசுமை ஆற்றல்’ என்று பேனருக்கு வாசகம் எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடித்துவிட்டுத்தான் போனை வைத்தார்.

தூத்துக்குடிப் பக்கத்துப் புதுக்கோட்டையில், பழைய முந்திரிக் கிட்டங்கி ஒன்றில் இருக்கிறது அவருடைய தொழிற்சாலை. ஒரு காலத்தில் ஊருக்கு அவர் இன்வெர்ட்டர் அண்ணாச்சி. இப்போது எம்.டி. சார். செல் சீனாவிலிருந்து வரும், இரும்புப் பெட்டி கோயம்புத்தூரிலிருந்து வரும், ஸ்டிக்கர் சிவகாசியிலிருந்து வரும். முதலாவதை இரண்டாவதுக்குள் வைத்து மூன்றாவதை ஒட்டினால் சுதேசி பேட்டரி தயார்.

ஒட்டுவதற்கு முன் சோதித்துப் பார்த்துத் தாளில் கையெழுத்துப் போடுகிறவள் ஈவாஞ்சலின். பாலிடெக்னிக் படித்தவள். ஐந்து வருடமாக ஒப்பந்த வேலை. பதினோரு மாதத்துக்கு ஒருமுறை பத்து நாள் நிறுத்திவைத்து, யாரோ புதியவளைப் போல மறுபடி சேர்த்துக்கொள்வார்கள். வெள்ளிக்கிழமை புதுப் பேட்டரிப் பிரிவின் திறப்பு விழா மேடையில் நிரந்தர ஆணை தருவதாக எம்.டி. சொல்லியிருந்தார்.

“செல் இல்லாம எப்படி சார் பேட்டரி காட்டுவீங்க?” என்று கேட்டாள்.

“காட்டத்தான போறோம்ளா. ஓட்டவா போறோம்?”

சாத்தான்குளம் பக்கத்துத் தேரியிலிருந்து இரண்டு மூட்டை செம்மணல் வந்து இறங்கியது. பேக்கிங் பார்க்கும் ஜெயகணேஷ் அதைச் சலித்துப் பெட்டிக்குள் நிரப்பினான். டெல்லியிலிருந்து வரும் பெரிய அதிகாரி தூக்கிப் பார்த்தாலும் பார்ப்பார் என்று தராசில் வைத்து நாற்பத்திரண்டு கிலோ சரியாக நிறுத்தார்கள். முகப்பில் சார்ஜ் ‘100’ என்று எண் எரிய வேண்டுமே, அதற்கு நாலு பென்சில் செல்.

“பென்சில் செல்லைத் தவிர்த்துட்டா அண்ணாச்சி, நம்ம பண்ணுனதுலயே இதுதான் நூறு சதவீதம் உள்ளூர்,” என்றான் ஜெயகணேஷ்.

“எம்.டி. சாருன்னு சொல்லுலே,” என்றார் பிரைட்டன். மற்றபடி அவர் மறுக்கவில்லை.

சோதனைத் தாள் ஈவாஞ்சலினிடம் வந்தது.

“இதுக்கு எதுக்கு சார் தாளு?”

“தாள் இல்லாம ஒரு பேட்டரிய மேடையில ஏத்த முடியுமா? நமக்குன்னு ஒரு தரம் இருக்குல்லா.”

“பொய்யில்லையா சார் இது?”

“விழா முடிஞ்சதும் திரும்பி இங்கனதான் வருது. உன் ஆர்டர் டைப் அடிச்சு என் மேசையில கெடக்கு. அதுல நான் ஒரு கையெழுத்துப் போடணும், இதுல நீ ஒரு கையெழுத்துப் போடணும். அவ்வளவுதான?”

ஐம்பத்தொன்று புள்ளி இரண்டு வோல்ட் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

விழாவில் அதிகாரி நாற்பது நிமிடம் பேசினார். கொற்கையில் முத்தெடுத்த பாண்டியன் எவரிடமும் கையேந்தவில்லை. அன்று முத்து, இன்று பேட்டரி என்றார். கொற்கையில் இப்போது நெல்தான் விளைகிறது என்று யாரும் குறுக்கே சொல்லவில்லை. பிறகு புகைப்படத்துக்காகப் பெட்டியின் ஒரு பக்கத்தைத் தூக்கிப் பார்த்தவர் அசந்துபோனார். “இதில் ஒரு தேசத்தின் கனம் இருக்கிறது,” என்றார். பலத்த கைதட்டல். அந்த உற்சாகத்தில், யாரும் எழுதிக்கொடுக்காத ஒரு வாக்கியத்தையும் சொன்னார்: இந்த முதல் பேட்டரியை ஆலந்தலைப் பக்கத்துச் சுகாதார நிலையத்தின் தடுப்பூசிக் குளிர்பெட்டிக்கு இங்கேயே அன்பளிப்பாக வழங்குகிறோம்.

பிரைட்டனும் கைதட்டினார், கொஞ்சம் பிந்தி. அடுத்ததாக ஈவாஞ்சலினை மேடைக்குக் கூப்பிட்டு ஆணையைக் கொடுத்தார்கள்.

“ரெண்டு வாரத்துல செல் வந்துரும். சத்தமில்லாம மாத்திருவோம்,” என்றார் பிரைட்டன். செல் ஆறு வாரம் கழித்து வந்தது. வந்தது அத்தனையும் ஓசூர் ஆர்டருக்குப் போயிற்று. ஆலந்தலை எங்கே ஓடிவிடப் போகிறது? ஈவாஞ்சலின் மூன்று முறை ஞாபகப்படுத்தினாள். நான்காவது முறை, “பெர்மனென்ட் ஆன பெறகு உனக்கு வாய் கூடிட்டு, என்ன?” என்றார். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

கார்த்திகையில் புயல் மழை. கடற்கரை ஊர்களில் இரண்டரை நாள் மின்சாரம் இல்லை.

மழை விட்டதும் புதுப் பேட்டரியோடு ஈவாஞ்சலினையும் ஜெயகணேஷையும் அனுப்பினார் பிரைட்டன். பழையதைத் திறக்காமல் கொண்டுவர வேண்டும். கேட்டால் உப்புக்காற்று என்று சொல்ல வேண்டும். சுகாதார நிலையத்தில் நர்ஸ் விக்டோரியா மட்டும் இருந்தார். ஐம்பது வயதுக்காரர். காலிக் குளிர்பெட்டியைத் திறந்து போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“கரண்டு போயும் அது நூறுன்னே காட்டுச்சு தங்கச்சி. அத நம்பித்தான் நான் மருந்தத் திருச்செந்தூருக்கு அனுப்பாம வச்சிருந்தேன். முப்பத்தாறு பிள்ளையளுக்கு உள்ள ஊசி மருந்து, எல்லாம் கெட்டுப்போச்சு. தாய்மாரு என்னையத்தான் ஏசுதாளுவ. என்னதான் கோளாறு இதுல?”

“உப்புக்காத்து அக்கா.”

“பொறந்ததுல இருந்து நானும் உப்புக்காத்துலதான் கெடக்கேன்.” விக்டோரியா மேசை இழுப்பறையிலிருந்து சோதனைத் தாளை எடுத்து நீட்டினார். “எல்லாம் சரியா இருக்குன்னு ஒருத்தி கையெழுத்துப் போட்டிருக்கா பாரு. ஈவாஞ்சலின்னு. உனக்குத் தெரியுமா இவள?”

ஜெயகணேஷ் பெட்டியைக் கட்டக் கயிறு எடுத்துவருவதாகச் சொல்லி வெளியே போனான்.

“தெரியும்க்கா. எங்க கம்பெனிலதான் இருக்கா.”

“ஒருநா இங்கன கூட்டிட்டு வா. ஏசமாட்டேன். உள்ள தொறந்து பாத்தாளா, பாக்காமத்தான் போட்டாளான்னு மட்டும் கேக்கணும்.”

“சொல்லுதேன்க்கா,” என்றாள் ஈவாஞ்சலின்.

ஜெயகணேஷ் கயிற்றோடு வந்தான். அவன் ஒரு பக்கம் பிடிக்க, அவள் மறு பக்கம் பிடித்தாள். பார்த்துத் தூக்கு, இடுப்பு பிடித்துக்கொள்ளும் என்று விக்டோரியா சொல்லிக்கொண்டே வண்டி வரைக்கும் கூட வந்தார்.